மார்பகக் கட்டியை வேக்குவம் ஊசியால் எடுப்பது: யாருக்கு ஏற்றது, எங்கே பிசகும்?

மருதாணி

ஸ்கேனில் கட்டி என்று வந்ததுமே "தையல் வேண்டாம், தழும்பு தெரியாது, அரை மணியில் வீட்டுக்குப் போகலாம்" என்கிற வேக்குவம் முறையைத்தான் (உறிஞ்சும் ஊசியால் கட்டியைத் துண்டுதுண்டாக எடுப்பது) எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். பொதுமருத்துவம் பார்க்கிறவர்கள் இதற்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. பேசுவதற்கு வசதியாக ஒரு மாதிரி வைத்துக்கொள்வோம். வயது 27. இடது மார்பில், வெளிப்பக்கத்து மேல் பகுதியில் 2.4 செ.மீ. கட்டி. தொட்டால் நழுவுகிறது, வலி இல்லை. ஸ்கேன் அறிக்கையில் பை-ராட்ஸ் (புற்றுச் சந்தேகத்தை எண்ணால் குறிக்கும் தரவரிசை) 3. எடுக்கத்தான் வேண்டுமா? எடுப்பதானால் வேக்குவமா, கத்தியா? வேலை தெரிந்தவர்கள் எண்ணிக்கை, அளவு சகிதம் விரிவாகச் சொன்னால் பலருக்குப் பயன்படும்.

கத்திமுனை

எந்த வழியில் எடுப்பது என்பது கடைசிக் கேள்வி. அது என்ன கட்டி என்பதுதான் முதல் கேள்வி. கையால் பரிசோதனை, படம், திசு ஆகிய மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தாலும் அங்கேயே நிறுத்தி ஏன் என்று பார்க்கணும்.

27 வயதுக்கு அல்ட்ராசவுண்டே போதும். 40-ஐத் தாண்டினால் மாமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) சேர வேண்டும். பை-ராட்ஸ் 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று பொருள். ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் பார்த்தாலே போதும் என்கிற வகை. ஆனால் எடுப்பதென்று முடிவானால் அதற்கு முன் 14 கேஜ் ஊசியில் (கேஜ் எண் குறையக்குறைய ஊசி தடிமன்) கோர் பயாப்சி, அதாவது சிறு திசுத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது, அவசியம். "எப்படியும் முழுசாக எடுக்கத்தானே போகிறோம், பயாப்சி எதற்கு?" என்று கேட்பார்கள். உள்ளே இருப்பது புற்றாகவோ ஃபில்லோடஸாகவோ (வேகமாக வளரக்கூடிய, சில சமயம் தீயதாகவும் இருக்கும் ஒரு வகைக் கட்டி) இருந்துவிட்டால், வேக்குவத்தில் துண்டுதுண்டாக எடுத்த பிறகு அதன் முழு அளவும் தெரியாது, விளிம்பும் தெரியாது. அடுத்து வரும் அறுவை சிகிச்சையில் எவ்வளவு அகலம் எடுப்பது என்று திண்டாட வேண்டியிருக்கும்.

பயாப்சியில் சாதாரண ஃபைப்ரோஅடினோமா (நார்த்திசுவும் சுரப்பித் திசுவும் சேர்ந்த தீங்கற்ற கட்டி) என்று வந்து, படமும் அதற்கு ஒத்துப்போனால், அதை எடுத்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை. இதை நோயாளியிடம் தெளிவாகச் சொல்லாமல் வேக்குவத்துக்கு நாள் குறிப்பது தவறு என்பேன். ஃபைப்ரோஅடினோமா புற்றாக மாறிவிடும் என்ற பயத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். சாதாரண ஃபைப்ரோஅடினோமாவைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லை. வளர்கிறது, வலிக்கிறது, வெளியே தெரிகிறது, மனசு நிம்மதியாக இல்லை என்றால் எடுக்கலாம். இவை எல்லாமே நியாயமான காரணங்கள்தான், கடைசிக் காரணமும் சேர்த்து. ஆறு மாதத்தில் அளவு 20 சதவீதத்துக்கு மேல் கூடினால் மறுபடி பயாப்சி, இல்லையென்றால் எடுத்துவிடுவது.

கதிரலை

கத்திமுனை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். செய்முறையை நான் எழுதுகிறேன்.

இந்தக் கருவி 1990-களின் நடுவில் பயாப்சிக்காகத்தான் வந்தது. கட்டியை முழுசாக எடுக்கவும் அதையே பயன்படுத்துகிறோம். ஊசியின் பக்கவாட்டில் சுமார் 2 செ.மீ. நீளத்துக்கு ஒரு வாய் இருக்கும். வேக்குவம் திசுவை அந்த வாய்க்குள் இழுக்கும், உள்ளே சுழலும் கத்தி நறுக்கும், நறுக்கிய துண்டு குழாய் வழியாகப் பின்னால் உள்ள தட்டுக்கு வந்துவிடும். ஊசியை வெளியே எடுக்காமலே துண்டு மேல் துண்டாக எடுக்கலாம். கட்டியை எடுக்க 8 அல்லது 7 கேஜ் ஊசி. 8 கேஜ் என்பது ஏறக்குறைய 4.2 மி.மீ. தடிமன், 7 கேஜ் 4.6 மி.மீ. தோலில் போடும் கீறல் 5 மி.மீ.க்குள் முடிந்துவிடும்.

நோயாளியை மல்லாந்து, கட்டி இருக்கும் பக்கம் சற்று உயர்ந்தாற்போலப் படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைக்கணும். முதுகுக்கு அடியில் ஒரு சாய்வுத் திண்டு கொடுத்தால் மார்பு பரவி, கட்டிக்கும் தோலுக்கும் உள்ள தூரம் குறையும். தொடங்குமுன் ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டு ஊசி போகும் பாதையில் ரத்தக்குழாய் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். மார்பின் உட்பக்கம், நெஞ்செலும்பை ஒட்டிய இடத்தில் ஆழத்திலிருந்து மேலே வரும் குழாய்கள் நல்ல தடிமனாக இருக்கும். அதில் ஒன்றை வெட்டிவிட்டால் கால் மணி நேரம் அழுத்தினாலும் நிற்காது.

முழு வேலையின் தரமும் மரப்பு ஊசியில்தான் இருக்கிறது. தோலுக்கு 1 சதவீத லிக்னோகெய்ன் 2 முதல் 3 மி.லி. அதன்பின் ஆழத்துக்கு அட்ரினலின் கலந்தது (2 லட்சத்தில் 1 பங்கு) 10 முதல் 20 மி.லி. இதில் பெரும்பகுதி கட்டிக்குக் *கீழே*, மார்புத் தசைக்கும் கட்டிக்கும் நடுவில் போக வேண்டும். அந்தத் திரவமே கட்டியைத் தூக்கிக் கொடுத்து, ஊசி நுழைய இடமும் பண்ணிக் கொடுக்கும். கட்டி தோலிலிருந்து 5 மி.மீ.க்குள் இருந்தால் மேல்பக்கமும் கொஞ்சம் போட்டுத் தோலைப் பிரித்துவிட வேண்டும். சிரிஞ்சில் ஒரு சின்னக் காற்றுக்குமிழிகூட இருக்கக் கூடாது. காற்று உள்ளே போனால் திரையில் வெள்ளையாகப் பரவி, அதற்குக் கீழே இருப்பதெல்லாம் இருட்டாகிவிடும். கட்டிக்கு உள்ளேயே மருந்தைச் செலுத்தினாலும் எல்லை கலங்கிப்போகும். போட்டபின் 5 நிமிடமாவது காத்திருங்கள். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். இந்த 5 நிமிடத்தைச் சுருக்கினால், பிறகு ரத்தம் நிற்க அரை மணி காத்திருக்க நேரும்.

கட்டியின் ஓரத்திலிருந்து 2, 3 செ.மீ. தள்ளிக் கீறல். ஊசி நெஞ்சுச் சுவருக்கு இணையாகப் போய்க் கட்டிக்கு அடியில் படுக்க வேண்டும், வாய் மேலே பார்த்தபடி. செங்குத்தாகக் குத்தினால் நுரையீரல் உறை வரை போகக்கூடும். அபூர்வம்தான், ஆனால் கோணத்தைச் சரியாக வைத்தால் அந்த ஆபத்தே இல்லை. முதலில் 12 மணித் திசையில் எடுத்து, பிறகு 11, 1, 10, 2 என்று வாயைத் திருப்பிக்கொண்டே போகிறோம். கட்டி மேலிருந்து கீழே சரிந்து வாய்க்குள் விழுந்தபடி இருக்கும், திரையில் அது மெலிந்துகொண்டே வருவதைப் பார்க்கலாம். கடைசியில் மிஞ்சுவது மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய தொப்பி மாதிரி. மீதம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தோல் உள்ளே இழுபடுகிறது, மேலே குழி விழுகிறது என்றால் உடனே வேக்குவத்தை நிறுத்தணும். தோலுக்கும் கட்டிக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் திரவம் செலுத்துங்கள், வாயைப் பாதியாகக் குறையுங்கள், திசையைப் பக்கவாட்டுக்கு மாற்றுங்கள். இதைக் கவனிக்காமல் ஒரு வெட்டு விழுந்தால் தோலில் ஓட்டை. தழும்பு வேண்டாம் என்றுதானே இந்த முறைக்கே வந்தார்கள்.

மருதாணி

நன்றி டாக்டர். 3 செ.மீ. வரைதான் என்று ஒரு எல்லை சொல்கிறார்களே, அது ஏன்? 3.5 ஆனால் என்ன கெட்டுவிடும்?

கதிரலை

கணக்குப் போட்டுப் பாருங்கள். உருண்டைக் கட்டி என்று வைத்துக்கொண்டால் 2 செ.மீ. விட்டத்துக்குக் கன அளவு 4.2 மி.லி., 3 செ.மீ.க்கு 14 மி.லி. விட்டம் ஒன்றரை மடங்கு, திசு மூன்று மடங்குக்கு மேல். 7 கேஜ் ஊசியில் ஒரு துண்டு சுமார் 0.3 கிராம். அப்படியானால் 2 செ.மீ.க்குக் குறைந்தது 14 துண்டு, 3 செ.மீ.க்கு 47. உங்கள் மாதிரியில் உள்ள 2.4 செ.மீ.க்கு 24. இதுவும் ஒவ்வொரு வெட்டிலும் வாய் நிறையக் கட்டி மட்டுமே வருகிறது என்றால்தான். நடைமுறையில் கொழுப்பும் ரத்தமும் சேர்ந்து வரும், நார் அதிகமான கட்டி அரைத் துண்டாகத்தான் வரும். எனவே எண்ணிக்கை இன்னும் ஏறும். துண்டுகள் கூடக்கூட நேரம் நீளும், ரத்தம் தேங்கும், தேங்கிய ரத்தத்தில் மீதக் கட்டி மறையும்.

மருந்துக்கும் உச்சவரம்பு உண்டு. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் கிலோவுக்கு 7 மி.கி., கலக்காதது 4.5 மி.கி. 50 கிலோ எடை என்றால் அட்ரினலின் கலந்த 1 சதவீத மருந்து அதிகபட்சம் 35 மி.லி. தோலுக்குப் போட்ட வெறும் லிக்னோகெய்னையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்க வேண்டும். இரண்டு மார்பிலும் நாலு கட்டி, ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, காதில் இரைச்சல், வாயில் உலோகச் சுவை என்று நோயாளி சொன்னால் அது மருந்து அளவு மீறுவதன் முதல் அறிகுறி. அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.

நுண்ணாடி

ஆய்வகப் பக்கத்திலிருந்து ஒரு மறுப்பு. "3 செ.மீ. வரை எடுக்கலாம்" என்பது கருவிக்கு முடியுமா என்கிற பேச்சு. எங்கள் மேசைக்கு வந்து சேர்வது முப்பது புழு மாதிரித் துண்டுகள். எது மேல், எது கீழ், எது ஓரம் என்று எதுவும் தெரியாது. ஃபைப்ரோஅடினோமாவையும் ஃபில்லோடஸையும் பிரிப்பதற்கு நாங்கள் பார்ப்பவை: நார்த்திசுவில் செல் நெருக்கம், செல் பிரியும் வேகம், இலை போன்ற மடிப்புகள், சுற்றுத் திசுவோடு சேரும் விளிம்பு. இவற்றில் விளிம்பு வேக்குவத் துண்டில் அழிந்துவிடுகிறது. இலை மடிப்பும் துண்டாகிப்போனால் அடையாளம் தெரிவது சிரமம். "செல் நெருக்கமுள்ள ஃபைப்ரோஎபிதீலியல் கட்டி" (ஃபைப்ரோஅடினோமா, ஃபில்லோடஸ் இரண்டும் அடங்கும் வகை) என்று பயாப்சி அறிக்கை வந்தால் அதை வேக்குவத்துக்கு அனுப்பாதீர்கள். முழுசாக, ஒரே உருப்படியாக எடுத்து அனுப்புங்கள். உங்களுக்குச் சின்னத் தழும்பு, எங்களுக்கு உறுதியான பதில்.

எந்தக் கட்டியாக இருந்தாலும், பயாப்சி ஏற்கெனவே ஆகிவிட்டது என்றாலும், எடுத்த திசு முழுவதும் ஆய்வகத்துக்கு வர வேண்டும். மாதிரிக்கு நாலு துண்டு அனுப்பிவிட்டு மற்றதைக் கழிவில் போடுவது கூடவே கூடாது. 10 சதவீத ஃபார்மலின், திசுவின் அளவைப்போலப் பத்து மடங்கு, எடுத்த ஒரு மணி நேரத்துக்குள். ரத்தக்கட்டிகளை அலசிப் பிரித்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் ரத்தம் திசுவைச் சுற்றி உறைந்து ஃபார்மலின் உள்ளே ஊறாது. படிவத்தில் கட்டியின் அளவு, இடம், பை-ராட்ஸ் எண், பழைய பயாப்சி எண், திரையில் மீதம் இருந்ததா என்ற குறிப்பு, இவ்வளவும் வேண்டும். "மார்புக் கட்டி" என்று இரண்டே சொல் எழுதி அனுப்பினால் எங்களால் படத்தோடு ஒப்பிட முடியாது. 2 செ.மீ. திடக்கட்டியை எடுத்ததாகச் சொல்லும்போது நாங்கள் வெறும் கொழுப்பும் நார்த்திசுவும் மட்டுமே பார்த்தால், அது நல்ல செய்தி இல்லை. ஊசி கட்டியைத் தொடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

கத்திமுனை

நுண்ணாடி சொல்வது முக்கியம். ஃபில்லோடஸ் சந்தேகம் வர வேண்டிய இடங்களையும் சேர்த்துவிடுகிறேன்: சில மாதங்களிலேயே வேகமாக வளர்ந்தது, 3 செ.மீ.க்கு மேல், வயது 35, 40-ஐத் தாண்டியது, ஸ்கேனில் கட்டிக்குள் பிளவு மாதிரி நீர் இடைவெளிகள். இதில் ஒன்று இருந்தாலும் கத்திதான். நடுத்தர வகை, தீய வகை ஃபில்லோடஸ் என்றால் சுற்றிலும் நல்ல திசு ஒரு செ.மீ. சேர்த்து எடுப்பதுதான் வழக்கம். அதை ஊசியால் செய்யவே முடியாது.

வேக்குவத்தில் எடுத்த பிறகு தீங்கற்ற ஃபில்லோடஸ் என்று அறிக்கை வந்தால் பதற வேண்டாம். படம், துண்டுகள், மீதம் இருந்ததா என்று மூன்று துறையும் உட்கார்ந்து பேசி, மறுபடி எடுப்பதா, நெருக்கமாகக் கண்காணிப்பதா என்று தீர்மானிக்கலாம்.

அதே சமயம் வேக்குவத்தைக் குறைத்தும் பேச மாட்டேன். 2 செ.மீ. அளவில் தெளிவான ஃபைப்ரோஅடினோமா, மாறுபட்ட செல்கள் இல்லாத சின்னப் பாப்பிலோமா (பால்குழாய்க்குள் வளரும் கட்டி), இவற்றுக்குக் கத்தியைவிட அதுவே மேல். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2006-லேயே தீங்கற்ற கட்டிகளுக்கு இதை ஏற்றுக்கொண்டது. பயாப்சியில் ஐயத்துக்குரியதாக வரும் பி3 வகையில் பலவற்றுக்கும் அங்கே வேக்குவம்தான் இப்போது முதல் வழி. ஏறக்குறைய 4 கிராம் திசு, அதாவது 7 கேஜில் 12 துண்டு எடுக்கச் சொல்கிறார்கள். மாறுபட்ட செல்களுள்ள பாப்பிலோமா, செல் நெருக்கமுள்ள ஃபைப்ரோஎபிதீலியல் கட்டி போன்றவற்றுக்குத்தான் கத்திக்குப் போகிறார்கள்.

வெண்பட்டை

செவிலியர் பக்கத்திலிருந்து, முடிந்த பிறகு நடக்க வேண்டியவை. இங்கேதான் பாதிப் பிரச்சினை உண்டாகிறது.

ஊசியை உருவுமுன் உள்ளே தேங்கிய ரத்தத்தை வேக்குவத்தாலேயே உறிஞ்சிவிட வேண்டும். உருவியதும் கையால் அழுத்தம், 10 முதல் 15 நிமிடம், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். தோல் துளையை மட்டும் அழுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ரத்தம் கசிவது கட்டி இருந்த குழியில். துளைக்கும் குழிக்கும் 3 செ.மீ. இடைவெளி இருக்கும். உள்ளங்கையால் குழியின் மேலும், விரலால் பாதையின் மேலும் சேர்த்து அழுத்த வேண்டும். அதன்பின் ஒட்டும் பட்டை, அதற்கு மேல் மடித்த துணிப்பஞ்சு, நெஞ்சைச் சுற்றி இறுக்கமான கட்டு. கட்டு 24 மணி நேரம் இருக்கட்டும். மூச்சு விட முடியாத அளவுக்கு இறுக்கினால் நோயாளியே வீட்டில் அவிழ்த்துவிடுவார், எனவே இரண்டு விரல் நுழையும் அளவு விடுங்கள்.

கட்டு எடுத்தபின் ஒரு வாரம் இரவும் பகலும் இறுக்கமான, கம்பி இல்லாத பிரா. ஐஸ் பையைத் துணியில் சுற்றி 15 நிமிடம், முதல் நாள் சில தடவை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரொஃபென், ஆஸ்பிரின் வகைகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும், முதல் இரண்டு நாள் வேண்டாம். இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. அதையும், வார்ஃபரின், குளோபிடோகிரெல் போன்றவற்றையும் நிறுத்துவதா தொடர்வதா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். ஒரு வாரம் குடம் தூக்குவது, ஓடுவது, குதிப்பது தவிர்க்கவும்.

ஊதா நிறக் கன்றல் பெரிதாகத் தெரியும், கீழ்நோக்கி இறங்கும், பிறகு மஞ்சளாகி மறையும். அது இயல்பு. கட்டு போட்ட பிறகும் மார்பு ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவு வீங்கினால், கட்டு ரத்தத்தில் ஊறினால், மூச்சுத் திணறினால், சில நாள் கழித்துச் சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் காத்திருக்காமல் திரும்பி வரணும். இதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்துப் பதற்றத்தில் வாயால் சொல்வது மனசில் நிற்காது.

மருதாணி

கட்டி எடுத்த இரண்டாவது வாரமே "அதே இடத்தில் மறுபடி கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது" என்று வருகிறார்களே?

கதிரலை

அது பெரும்பாலும் உறைந்த ரத்தம். குழி ரத்தத்தால் நிரம்பி, கெட்டியாகி, கட்டியைவிடப் பெரிதாகக்கூடக் கைக்குத் தெரியும். சில வாரங்களில் கரைந்துவிடும். அந்த நேரத்தில் ஸ்கேன் செய்தால் குழப்பம்தான் மிஞ்சும், எனவே வீக்கம் கூடாதவரை ஆறாவது மாதத்தில் பார்ப்பதே சரி. அப்போது வடுவும் அடங்கியிருக்கும், மீதம் இருந்தால் தனியாகத் தெரியும்.

எடுக்கும்போதே மீதத்தை ரத்தத்திலிருந்து பிரித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. குழியை உறிஞ்சிவிட்டு, ப்ரோபால் (தோலில் வைக்கும் ஸ்கேன் கருவியின் தலை) மெதுவாக அழுத்துங்கள். திரவம் நசுங்கும், இடம் மாறும். கட்டியின் மீதம் அப்படியே நிற்கும். நீளவாட்டில் ஒரு தடவை, குறுக்குவாட்டில் ஒரு தடவை பார்க்காமல் "முழுசாக எடுத்தாயிற்று" என்று எழுதக் கூடாது. நீளவாட்டில் ஊசிக்கு இரண்டு பக்கமும் மிஞ்சியது தெரியவே தெரியாது. முழுசாக எடுத்தது மாதிரி திரையில் தெரிந்தாலும் நுண்ணிய மீதம் இருந்து மறுபடி வளரலாம், கட்டி பெரிதாக இருந்தால் அந்த வாய்ப்பும் பெரிது. இதையும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன் சொல்லிவிட வேண்டும்.

மருதாணி

உறைய வைக்கும் முறை, அதான் கிரையோ, அதைப் பற்றியும் ஒரு வரி? அதில் வெட்டே இல்லை என்கிறார்கள்.

கதிரலை

கட்டியின் நடுவில் ஒரு ஊசி, அதன் முனை மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே போகும். உறைதல், இளகுதல், மறுபடி உறைதல் என்று இரண்டு சுற்று. பனியுருண்டையின் ஓரம் 0 டிகிரிதான், செல் சாக வேண்டுமானால் மைனஸ் 40 வாக்கில் வேண்டும். அதனால் பனி கட்டியின் எல்லையைத் தாண்டி 5 மி.மீ.க்கு மேலாவது பரவணும். தோல் பக்கத்தில் வந்துவிட்டால் நடுவில் உப்புநீர் செலுத்தித் தள்ளிவைப்போம், இல்லாவிட்டால் தோல் உறைந்து புண்ணாகும். குளிரே மரத்துப்போகச் செய்வதால் வலி குறைவு, ரத்தமும் குறைவு. ஆனால் கட்டி அன்றைக்கே போகாது. செத்த திசுவை உடம்பு மெதுவாகக் கரைக்க வேண்டும், பல மாதம் கைக்குத் தட்டுப்பட்டபடியே இருக்கும். "எடுத்தாச்சு" என்ற நிம்மதியைத் தேடி வருபவர்களுக்கு இது ஒத்துவராது.

நுண்ணாடி

எங்களுக்கு ஒரு துண்டுகூட வராது என்பதுதான் என் கவலை. உறைய வைத்துவிட்டால், முன்பு எடுத்த பயாப்சிதான் முதலும் கடைசியுமான சாட்சி. எனவே அங்கே பயாப்சி ஒரே இடத்தில் ஒரே துண்டு என்று இருக்கக் கூடாது. நடுவில், ஓரங்களில் என்று நாலைந்து துண்டுகள் வேண்டும். ஊசி உறிஞ்சலில் வரும் செல் பரிசோதனையை மட்டும் நம்பி உறைய வைப்பதை ஏற்கவே முடியாது.

கத்திமுனை

விட்டுப்போன இரண்டு. பருவமடையத் தொடங்கும் சிறுமிக்கு முலைக்காம்புக்கு நேர் அடியில் தட்டுப்படும் கெட்டியான வட்டு, பெரும்பாலும் வளரும் மார்பு மொட்டு. ஒரு பக்கம் மட்டும் முதலில் வருவதும் சகஜம். அதில் ஊசியோ கத்தியோ பட்டால் அந்தப் பக்கம் மார்பு வளர்ச்சியே நின்றுபோகலாம். ஸ்கேன் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் வேக்குவம் செய்தால் துளை வழியாகப் பால் கசிந்து ஆறாமல் நிற்கலாம், ரத்த ஓட்டமும் அந்தச் சமயம் அதிகம். சந்தேகமான கட்டி என்றால் பயாப்சியைத் தள்ளிப்போடக் கூடாது. உறுதியான ஃபைப்ரோஅடினோமாவை எடுப்பது மட்டும் பால் நிறுத்தும் வரை காத்திருக்கலாம். கர்ப்பத்தில் பெருத்த ஃபைப்ரோஅடினோமா பிறகு தானாகச் சுருங்குவதும் உண்டு.

உங்கள் 27 வயது மாதிரிக்கு என் பதில்: முதலில் கோர் பயாப்சி. ஃபைப்ரோஅடினோமா என்று வந்து அவருக்கு அது தொந்தரவாக இல்லை என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், இரண்டு வருடம். எடுக்கவே விரும்பினால் 2.4 செ.மீ. வேக்குவத்துக்கு ஏற்ற அளவுதான். செல் நெருக்கம் என்று ஒரு வார்த்தை அறிக்கையில் இருந்தாலும் முலைக்காம்பு வட்டத்தின் ஓரமாகக் கீறி முழுசாக எடுப்பேன். கட்டி வட்டத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தால் அதன் மேலேயே கீறல். தழும்புக்காக நீளமாகக் குடைந்து போவதில்லை.